ஆலைத் தச்சர் பிரிண்ட்லி

நூற்கல்வி நிரம்பாத ஒருவர் ஒரு நாட்டின் நீர்வழிகளை வகுத்தாரெனின் நம்மனோர் நம்புதல் அரிது. ஆயினும் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் வரலாறு அதனை மெய்ப்பிக்கின்றது.

இவர் 1716-இல் இங்கிலாந்தில் டார்பிஷயரைச் சேர்ந்த டன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையை உழவில் கழித்து, 17-ஆம் வயதில் மாக்கில்ஸ்பீல்டுக்கு அருகே ஓர் ஆலைத் தச்சரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அந்நாளில் ஆலைத் தச்சர் மரவேலை, இரும்புவேலை, கல்வேலை ஆகிய யாவும் அறிந்திருத்தல் வேண்டும். ஆலை அவரைத் தேடி வாராது. அவரே ஆலையைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

ஒருகால் இவருடைய ஆசிரியர் காகித ஆலையொன்றை அமைக்க ஒப்புக்கொண்டு, அதன் அமைப்பறியாது இடர்ப்பட்டார். பிரிண்ட்லி மான்செஸ்டருக்கு நடந்து சென்று, ஆங்கிருந்த ஆலையைக் கூர்ந்து நோக்கி, கண்டவற்றை நெஞ்சிற் பதித்து மீண்டு, வேலையை முடித்துக் கொடுத்தாரென்பர்.

1742-இல் லீக் நகரில் தனித்தொழில் தொடங்கிய பின், ஊர் ஊராகச் சென்று மாவாலைகளையும், மட்பாண்டத் தொழிலுக்குரிய கல்லரைக்கும் ஆலைகளையும் அமைத்தார். கிளிப்டன் நிலக்கரிச் சுரங்கம் வெள்ளத்தால் நின்றபோது, இர்வெல் ஆற்று நீரையே நிலத்தடியாகக் கொணர்ந்து, நீர்ச்சக்கரத்தைச் சுழற்றி, அதன் ஆற்றலால் சுரங்க நீரை இறைத்தார். செய்த வேலைகளைத் தம் குறிப்பேட்டில் பிழை மலிந்த எழுத்தில் குறித்துவைத்தார். அரிய சிக்கல் நேரின், ஓரிரு நாள் படுக்கையிற் கிடந்து சிந்தித்துத் தெளிவோடு எழுவது இவர் வழக்கம்.

1759-இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்ப் பணிக்கு இவரை அழைத்தார். பிரபுவும், அவர் காரியஸ்தர் ஜான் கில்பர்ட்டும், இவரும் கூடித் திட்டம் வகுத்தனர். பார்ட்டனில் இர்வெல் ஆறு குறுக்கிட்டது. ஆற்றுக்கு மேலே பாலங்கட்டி அதன்மீது கால்வாயை நடத்தத் துணிந்தபோது வல்லுநர் சிலர் நகைத்தனர். இவரோ குழைத்த களிமண்ணைக் கால்வாயினுள் இறுக்கி, நீர் கசியாவண்ணம் செய்தார். 1761 ஜூலையில் ஆற்றின்மேல் படகு சென்றது. கால்வாய் நகரை எட்டியபின் ஆங்கு நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஏழையின் அடுப்பும் எரிந்தது.

பின்னர்ப் பல கால்வாய்களின் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. குதிரையேறி ஓயாது அலைந்தார். நீரிழிவால் நலிந்திருந்த இவர், 1772-இல் நிலமளக்கச் சென்றவிடத்து மழையில் நனைந்து நோயுற்று, செப்டம்பர் 27-இல் 56-ஆம் வயதில் இறந்தார். டிரென்ட்-மெர்சி கால்வாயை மைத்துனர் ஹியூ ஹென்ஷால் 1777-இல் நிறைவேற்றினார்.

பிரிண்ட்லியின் ஏடு ஓடும் நீரே. அவர் அதனைக் கண்ணாலும் கையாலும் கற்றார். அச்சிட்ட ஏடுகளைக் கற்கும் நாமும், கற்றதனால் எவர் வீட்டு அடுப்பு எரிந்ததெனத் தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று.