ராபர்ட் ஓவன் என்னும் ஆலைத் தலைவர்

நம் சங்கத்துக் குடும்பங்களிலே படித்து முன்னுக்கு வந்த இளைஞர் பலர் இன்று ஆலைகளிலும் கம்பெனிகளிலும் மேற்பார்வை உத்தியோகம் வகிக்கின்றனர். நூற்பாலையில் முந்நூறு பேரை நடத்துபவராயினும், கணிப்பொறியின் முன் அமர்ந்து வேலை செய்யும் பத்துப் பேரை நடத்துபவராயினும், பதவி கைக்கு வந்த முதல் மாதத்தில் அவர்க்கு நேரும் சங்கடம் ஒன்றே. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர் இன்று தமக்குக் கீழே நிற்கின்றார். தம்மினும் மூத்தவர் தம்முடைய கட்டளையை எதிர்நோக்கி நிற்கின்றார். அதட்டினால் வெறுப்பு, அடங்கினால் இளக்காரம். இச்சங்கடத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அனுபவித்து, பெரும்பாலும் வென்று, ஓரிடத்திற் பெரிதும் தோற்ற ஒருவருடைய சரித்திரத்தை நாம் இம்மாதம் எழுதப் புகுந்தோம். ராபர்ட் ஓவன் என்னும் பெயரைக் கூட்டுறவு இயக்கத்தின் மூல புருஷர்களுள் ஒருவர் பெயராகப் பலர் அறிவர். அவ்வியக்கத்தைப் பற்றி ஈண்டு நாம் விரிக்கப் போவதில்லை. ஆலைத் தலைவராக அவர் நடந்துகொண்ட முறையே நமக்கு விஷயமாகும்.

ஓவன் 1771-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். இரும்புச் சாமான் வியாபாரமும் அவர்க்கு உண்டு. பையன் பத்து வயதிலேயே வீட்டை விட்டு லண்டனுக்குச் சென்று, அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் மக்கபாக் என்பாருடைய துணிக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். பிரபுக்கள் வந்து வாங்கும் உயர்ந்த துணிகள் விற்கும் கடை அது. துணியின் தரமறியும் பழக்கம் அங்கே படிந்தது. பின்னர் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கடைகளில் உழைத்து, ஓர் யந்திரத் தொழிலாளியுடன் கூட்டுச் சேர்ந்து நூற்பு யந்திரங்கள் செய்து, அக்கூட்டினின்றும் பிரிந்து மூன்று யந்திரங்களைக் கொண்டு சொந்தமாக நூற்பு நடத்தினார். இவையெல்லாம் இருபது வயதுக்குள் நடந்தவை.

அப்பொழுது மான்செஸ்டரில் ட்ரிங்க்வாட்டர் என்னும் செல்வர் தமது ஆலைக்கு மானேஜர் தேடினார். அவர் வியாபாரி, ஆலையின் உள் வேலை அறியாதவர். இளைஞர் ஓவன் சென்று ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம் கேட்டார். முதலாளி திடுக்கிட்டு, வாரத்தில் எத்தனை முறை குடிப்பீர் என்று வினவினாராம். பையன் முகம் சிவக்க, தாம் ஒருபோதும் குடித்ததில்லை என்று மறுமொழி கூறி, தமது சிறு தொழிலில் அத்தொகை தமக்குக் கிடைத்து வருவதைக் கணக்குப் புத்தகங் கொண்டு காட்டினார். வேலை கிடைத்தது.

ஆயினும் மறுநாள் ஆலைக்குள் நுழைந்தபோது அவர் உள்ளம் நடுங்கிற்று. ஆணும் பெண்ணும் சிறுவருமாக 500 பேர் அங்கு வேலை செய்தனர். யந்திரங்களிற் பல அவர் அதற்குமுன் காணாதவை. முன்னிருந்த மானேஜரோ விலகிவிட்டார். அருகிருந்து சொல்லித் தருவார் ஒருவருமில்லை. இந்நிலையில் நம்மவருட் பலர் செய்யக்கூடியது யாதெனின், அறியாமையை மறைக்கும் பொருட்டு உரத்துப் பேசி, வந்த வாரத்திலேயே பழைய ஏற்பாடுகளைக் கலைத்துப் புதிய உத்தரவுகளைச் சுவரில் ஒட்டுவதாம். ஓவன் அவ்வாறு செய்திலர். காலையில் தொழிலாளிகளுடன் முதலில் வருவார். இரவில் எல்லாரும் சென்றபின் கதவைப் பூட்டிச் செல்வார். ஒவ்வொரு பகுதியிலும் நின்று பார்ப்பார். யாரேனும் ஒன்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ மாத்திரம் விடை தருவார். இவ்வாறு ஆறு வாரம் நேராக ஒரு கட்டளையும் பிறப்பியாமல் கழித்தார். அதன்பின் அவர் பேசத் தொடங்கியபோது எந்தத் திருகாணி எங்கிருக்கிறதென்பதும், எவர் கையில் எந்த வேலை நன்கு நடக்கிறதென்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தன. விரைவில் அவ்வாலையின் நூல் நேர்த்திக்குப் பெயர் பெற்றது.

ஓவன் பின்னர் அவ்விடம் விட்டு வேறு கூட்டு வியாபாரத்திற் சேர்ந்து, அதன் பொருட்டு ஸ்காட்லாந்துக்குப் பிரயாணஞ் செய்யலானார். அங்கே கிளைடு நதியின் அருவிகளையடுத்து நியூ லானார்க் என்னும் ஆலைக் கிராமம் இருந்தது. அதனை நிறுவியவர் டேவிட் டேல் என்னும் கிளாஸ்கோ வர்த்தகர். ஓவனும் அவர் கூட்டாளிகளும் அவ்வாலைகளை 60,000 பவுனுக்கு வாங்கினர். 1799-ஆம் ஆண்டில் டேலின் புதல்வி காரொலைனை ஓவன் மணந்தார். 1800-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஆலைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. மாமனாரின் தயவால் வந்த பெருமை என்று நினைப்பார்க்கு, விலை பேசி முடிந்தபின்னரே விவாகம் நடந்ததென்பதை நினைவூட்டுகிறோம்.

அக்கிராமத்தில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 500 பேர் வரை, எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழை விடுதிகளினின்றும் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். டேல் இரக்கமுள்ளவர், உணவும் உடையும் பள்ளியும் ஏற்படுத்தியிருந்தார், எனினும் காலை ஆறு மணி முதல் இரவு ஏழு மணி வரை ஆலையில் நின்ற குழந்தை அதன்பின் என்ன படிக்கும்? பெரியோர்களிடமோ களவும் குடியும் மலிந்திருந்தன. புதிய தலைவரோ அயல் நாட்டார், வேல்ஸ் தேசத்தவர். இவரும் முன்னையோரைப் போல நம்மைப் பிழிய வந்தவரே என்று அவர்கள் எண்ணினர். எதிர்த்துப் பேசாமலே எந்தச் சீர்திருத்தத்தையும் நடவாமற் செய்யும் வித்தை எல்லா நாட்டுத் தொழிலாளிகளும் அறிந்ததன்றோ!

களவுக்கு ஓவன் ஒருவரையும் நீதி ஸ்தலத்துக்கு இழுக்கவில்லை. பொருள் கைமாறும் இடங்களிலெல்லாம் கணக்கு வைத்து, குறைவு எங்கே நேர்ந்ததென்பது உடனே தெரியும்படி செய்தார். ஏழை விடுதிச் சிறுவரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார். பத்து வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் அமர்த்துவதில்லை யென்று விதித்தார். நல்ல சரக்கை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குச் சற்றே மேலாக விற்கும் கடையொன்றை நிறுவி, அதில் வந்த லாபத்தைப் பள்ளிக்குச் செலவிட்டார். இவ்வளவு செய்தும் அவர்பால் நம்பிக்கை பிறந்திலது.

நம்பிக்கை பிறந்த சந்தர்ப்பம் வேறு. இங்கிலாந்துடன் ஏற்பட்ட பிணக்கினால் அமெரிக்கா பஞ்சு ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. பஞ்சு விலை தாறுமாறாக ஏறிற்று. ஆலை முதலாளிகள் பலர் கதவடைத்துத் தொழிலாளிகளை வெளியே அனுப்பினர். ஓவனும் யந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. யந்திரங்களைத் துடைத்துச் செப்பமாக வைத்திருப்பதே வேலையென்று கூறி, நான்கு மாதம் அனைவருக்கும் முழுக் கூலி கொடுத்தார். இவ்வகையிற் செலவானது 7,000 பவுனுக்கு மேல். நூல் ஒரு முழமும் வெளிவராத நான்கு மாதத்திற்கு இத்தொகை என்றால், கூட்டாளிகளின் முகம் எப்படியிருந்திருக்கும் என்று நாமே ஊகிக்கலாம். ஆனால் அன்று முதல் நியூ லானார்க்கில் ஓவன் சொல் எடுபட்டது. ஆறேழு ஆண்டு புத்திமதியால் நேராதது, அவர் தம் பக்கத்து நஷ்டத்தைத் தாமே தாங்கிய நான்கு மாதத்தில் நேர்ந்தது.

அவ்வாலையில் அவர் அமைத்த மௌன சாட்சி என்னும் கருவியும் சொல்லத்தக்கது. அது நாற்புறமுள்ள ஒரு சிறு மரத்துண்டு, புறத்துக்கொரு வர்ணம். கறுப்பு கெட்ட நடத்தைக்கும், நீலம் நடுத்தரத்துக்கும், மஞ்சள் நல்லதற்கும், வெள்ளை மிக நல்லதற்கும் அடையாளம். ஒவ்வொருவர் அருகிலும் இது தொங்கும்; முந்தின நாள் நடத்தைக்கேற்ற வர்ணம் முன்புறம் தெரியும். அதனைப் புத்தகத்திலும் பதிவார்கள். ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது மரத்துண்டைப் பார்ப்பார், ஆளையும் பார்ப்பார், ஒரு சொல்லும் சொல்லாமற் போவார். தொடக்கத்தில் எங்கும் கறுப்பாயிருந்தது. நாளடைவில் மஞ்சளும் வெள்ளையும் மிகுந்தன. இக்காலத்துக் காரியாலயங்களிலும் கணிப்பொறித் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பென்று ஒவ்வொருவர் வேலைக்கும் நிறம் தீட்டுகின்றனர். ஆனால் ஓவனுடைய ஏற்பாட்டில் இரண்டு விசேஷங்கள் உண்டு. மேற்பார்ப்பவர் அநியாயமாக நிறமிட்டாரென்று கருதும் தொழிலாளி, அது புத்தகத்தில் ஏறுமுன் ஓவனிடமே நேரில் வந்து முறையிடலாம். மேற்பார்ப்பவர்க்கும் நிறம் உண்டு. அவர்க்கு மேலுள்ளார் அதனைத் தீர்மானிப்பர். திட்டும் அடியும் இல்லாமல் நடந்த கண்டிப்பு அது.

இதனால் அவர் செய்தவை யாவும் குறையற்றவையென்று நாம் கூறோம். வீடுகள் சுத்தமாயிருக்கின்றனவா என்று பார்க்க வாரந்தோறும் ஒரு குழுவினர் வீடு வீடாக நுழைந்தனர். கிராமத்துப் பெண்கள் அக்குழுவினர்க்குக் கேலிப் பெயர் சூட்டி நகைத்தனர். சிலர் கதவைச் சாத்திக்கொண்டனர். அவர்கள் செய்தது தவறென்று நமக்குத் தோன்றவில்லை. தொழிலாளியின் நன்மையை அவனிடம் கேளாமலே தாம் அறிவோம் என்னும் எண்ணம் ஓவனை விட்டு ஒருபோதும் நீங்கவில்லை. தந்தை மகனை நடத்துவது போல் நடத்தினார். மகனுக்கும் வயது வரும் என்பதை மறந்தார்.

கூட்டாளிகளோடு அவர்க்கு ஓயாத போராட்டம். பள்ளிக்கும் வீடுகளுக்கும் பணம் போகிறதென்பது அவர்கள் குறை. 1809-ல் ஆலை 84,000 பவுன் மதிப்பில் புதிய கூட்டின் கைக்கு மாறிற்று. அக்கூட்டிலும் பிணக்கு முற்றி 1813-ஆம் ஆண்டிறுதியில் ஆலைகள் ஏலத்துக்கு வந்தன. எதிர்த்தரப்பார் ஆலையின் பெறுமதி 40,000 பவுன்தான் என்று ஊரெங்கும் தூற்றி, மலிவாக எடுக்கக் காத்திருந்தனர். ஓவனோ லண்டன் சென்று, ஜெரிமி பெந்தாம் என்னும் தத்துவ அறிஞர், வில்லியம் ஆலன் என்னும் குவேக்கர் முதலியோரைப் புதிய கூட்டாளிகளாகச் சேர்த்துவந்தார். மூலதனத்துக்கு நூற்றுக்கு 5 மாத்திரம் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை ஜனங்களின் நன்மைக்கு விடுவதென்பது அவர்களுடன் செய்த ஏற்பாடு. ஏலம் ஏறி ஏறி 114,100 பவுனில் ஓவன் பக்கம் முடிந்தது. அவர் திரும்பிய நாளில் தொழிலாளிகள் வழியில் எதிர்கொண்டு, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். முன்பு அவரை ஐயுற்ற அதே மக்கள் இவர்கள்.

1816-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அவர் திறந்த கல்விச்சாலையில், நடக்கக் கற்ற பருவத்துக் குழந்தைகளுக்கும் இடமிருந்தது. அங்கே அடி இல்லை, கடுஞ்சொல் இல்லை, ஆட்டமும் பாட்டும் பூகோளப் படங்களும் இருந்தன. அவ்வாண்டிலேயே வேலை நேரம் உணவு வேளை நீங்கப் பத்தே முக்கால் மணியாகக் குறைந்தது. கல்வி விஷயத்தில் நம் சென்னைக்கும் ஒரு மெல்லிய தொடர்புண்டு. எழும்பூர் அநாதை விடுதியில் 1789 முதல் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அமைத்த முறை இங்கிலாந்தில் மதராஸ் முறையென்று பரவிற்று. பெல்லையும், அவரோடு போட்டியிட்ட லங்காஸ்டரையும் ஓவன் தம் பொருள் கொண்டு ஊக்கினார்; பிற்காலத்தில் அம்முறை போதாதென்று தம் வழியே சென்றார்.

லாபம் குன்றாமலே இவ்வளவும் நடப்பதைக் காண ருஷிய இளவரசர் நிக்கலஸ் முதலாகப் பத்தாண்டில் ஏறத்தாழ 20,000 பேர் வந்தனர். 1819-ல் நிறைவேறிய ஆலைச் சட்டம் ஓவனுடைய முயற்சியிற் பிறந்ததே; ஆனால் அவர் கேட்ட பத்து வயது ஒன்பதாயிற்று, அவர் கேட்ட பரிசோதகர்கள் நியமிக்கப்படவில்லை.

பின்பு நேர்ந்தது தோல்வி. 1825-ல் அமெரிக்காவில் இண்டியானா நாட்டில் நியூ ஹார்மொனி என்னும் ஊரையே விலைக்கு வாங்கி, பொதுவுடைமையாக ஒரு சமூகம் அமைக்கத் துணிந்தார். வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டார். ஜனங்கள் குவிந்தனர், தொழிலறிந்தவர் சிலரே. மான்செஸ்டரில் ஆறு வாரம் வாய் திறவாது நின்று பார்த்த அதே மனிதர், இங்கே பிரசங்கங்கள் செய்து, சில வாரங்களில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, மறு ஆண்டுதான் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் கணக்குமில்லை, கட்டுப்பாடுமில்லை. விதிகளை மாற்றி மாற்றி எழுதினர், பிரிவுகள் பெருகின. 1827-க்குள் யாவும் சிதறின. தம் செல்வத்திற் பெரும்பகுதியை ஓவன் அங்கே இழந்தார். மான்செஸ்டர் ஆலையின் கதவைத் தம் கையாற் பூட்டிச் சென்றவர், கடல் கடந்த ஊரைக் கடிதத்தால் நடத்தலாமென்று எப்படி நம்பினாரோ, நமக்கு விளங்கவில்லை.

அதன்பின் நியூ லானார்க்கிலிருந்தும் விலகி, தொழிற் சங்கங்களுக்கும் கூட்டுறவுக்கும் உழைத்தார். 1834-ல் அவர் தலைமை வகித்த பெரிய தொழிற்சங்கம் அவ்வாண்டிலேயே கலைந்தது. ஆனால் 1844-ல் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் அவருடைய சீடர்கள் இருந்தனர். நியூ லானார்க்கின் ஆலைகள் 1968 வரை ஓடின. 2001-ல் அக்கிராமம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1858-ஆம் ஆண்டு, எண்பத்தேழு வயதில், லிவர்பூல் நகரத்து மகாநாடொன்றிற் பேச எழுந்த ஓவன் தளர்ந்து விழும் நிலைக்கு வந்தார். தம்மை நியூடவுனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பத்து வயதில் விட்டுப் போன ஊர் அது. தாம் பிறந்த வீட்டுக்கு அருகிலிருந்த விடுதியில் தங்கி, நவம்பர் மாதம் 17-ஆம் தேதி உயிர் நீத்தார்.