பேச வந்தவர், கேட்கக் கற்றுக்கொண்டார்: யார் இந்த சீகன்பால்க்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். 2012-ல் அங்கே ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் சாலையோர டீக்கடைகளில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவது இங்கே அன்றாடக் காட்சி. புது ஊரில் நாலு பேரோடு பழகணும்னா முதலில் அந்த ஊர்ப் பேச்சு வேணும், இல்லையா?

300 வருஷத்துக்கு முன்னாடி இதே வேலையில் இறங்கிய ஒரு ஜெர்மானியர் இருக்கிறார். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். பள்ளிப் பாடத்தில் தமிழ் அச்சுக்கலைக்காக அவரைப் படித்திருப்போம். ஆனால் அவர் வந்தது அச்சுக்கூடம் வைக்க அல்ல. தன் கிறிஸ்தவ நம்பிக்கையை ஆளுக்கு ஆள், நேருக்கு நேர் பேசிச் சொல்ல வந்தார். அந்தப் பேச்சு எப்படி நடந்தது, அவரை எப்படி மாற்றியது என்பதுதான் இந்தக் கதை.

யார் அவர், ஏன் வந்தார்?

1682-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தார். ஹாலே நகரில் படித்தார். சடங்கைவிட மனசுக்குள் நடக்கும் மாற்றமே முக்கியம் என்று சொன்ன 'பயட்டிசம்' என்ற பக்தி இயக்கத்தின் மையம் அது.

அந்தச் சமயத்தில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக், தன் நாட்டு வணிகக் குடியேற்றத்துக்குப் போதகர்களை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்க்கும் நண்பர் ஹென்ரிக் புளூட்சோவும் கிளம்பினார்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய 24தான்.

தரங்கம்பாடி, தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு 1620-ல் செய்த ஒப்பந்தத்தின் மூலம் டேனிஷ்காரர்கள் கைக்கு வந்த ஊர். கோட்டையும் சுற்றியுள்ள சில கிராமங்களும் மட்டுமே அவர்களுடையது. அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசரின் ஆட்சி.

தமிழ் எப்படிக் கற்றார்?

வயதான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை, அவரது மாணவர்களோடு சேர்த்துத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். பிறகு ஒரு புலவரையும் எழுத்தரையும் அமர்த்திக்கொண்டு, நாள் முழுக்க ஓலைச்சுவடிகளைச் சத்தமாக வாசித்தார். புரியாத சொல்லை எழுதி வைத்தார்.

1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி ஒரு பட்டியல் தயாரித்தார். திருக்குறளும் அதில் உண்டு.

உரையாடல் எப்படி நடந்தது?

சத்திரத்தில், மரத்தடியில், வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்தில், சில நேரம் தன் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடந்தது. வியாபாரி, பிராமணர், முஸ்லிம் அறிஞர், விவசாயி என்று எல்லோரிடமும் பேசினார். 1710-ல் தரைவழியாகவே சென்னை வரை போனார். பல பேச்சுகளை வீடு திரும்பியதும் எழுதி வைத்தார்.

அவற்றில் கவனிக்க வேண்டியது, எதிரே இருந்தவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. திருப்பிக் கேட்டார்கள். எங்களுக்கும் ஒரே கடவுள்தானே, பெயர்தானே வேற என்றார்கள். உங்கள் மதம் அவ்வளவு நல்லது என்றால், கோட்டையில் இருக்கும் ஐரோப்பியர்கள் ஏன் குடித்துச் சண்டை போட்டுத் திரிகிறார்கள் என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வி அவரை ரொம்பவே சங்கடப்படுத்தியது. ஆனாலும் அதை மறைக்காமல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே அது அச்சில் வந்தது.

தவறே செய்யவில்லையா?

செய்தார். வந்த புதிதில், ஒரு கோயில் பக்கம் போனபோது அங்கிருந்த சுதை உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளி, தலைகளை உடைத்தார். அங்கிருந்த படித்த மனிதர் ஒருவர் கோபத்தில் கத்தவில்லை. இவை தெய்வம் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள்தான் என்று விளக்கம் சொன்னார். அதாவது, எதை உடைக்கிறோம் என்பதுகூட உடைத்தவருக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, 1713-ல், அதே சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். சிவன், திருமால் மட்டுமல்ல, அய்யனார், மாரியம்மன், எல்லையம்மன் போன்ற கிராம தெய்வங்களும் அதில் உண்டு. அவர் தன் நம்பிக்கையிலிருந்து இம்மியும் நகரவில்லை. ஆனால், எதிரே இருப்பவரின் நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் அவரிடம் பேச முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஹாலேயில் இருந்த அவரது குரு பிராங்கே அந்த நூலை வெளியிடவில்லை. அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தான் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது.

எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது?

பெரிய தொல்லை சொந்த ஆட்களிடமிருந்தே வந்தது. வணிகத்துக்கு இடைஞ்சல் வருமோ என்று டேனிஷ் ஆளுநர் ஹாசியஸுக்கு பயம். 1708 கடைசியில், ஒரு விதவையின் கடன் தகராறில் சீகன்பால்க் தலையிட்டபோது மோதல் முற்றியது. சுமார் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைத்தார்.

கூட இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள். அவரது மொழிபெயர்ப்பாளர் அழகப்பன் ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர். மிஷனரிகளோடு சேர்ந்ததற்காக ஊரை விட்டு விரட்டப்பட்டார், தஞ்சையில் சிறையும் கண்டார். பிறகு, 1712 முதல் 1714 வரை தமிழர்கள் தங்கள் வாழ்க்கை, வழிபாடு பற்றி எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழிக்குப் போயின. அவற்றில் பலவற்றை எழுதியவர் இந்த அழகப்பன்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவராக மாறவில்லை. சீகன்பால்கோடு அதிகம் பேசியவர்களில் ஒருவரே கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

அச்சுக்கூடம் எங்கிருந்து வந்தது?

பேச்சு போய்ச் சேராத இடத்துக்குப் புத்தகம் போகும் என்று நினைத்தார். 1708-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரிசாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவானது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசாக வெளிவந்தது.

ஒரு திருத்தம்: தமிழில் முதலில் அச்சான நூல் இது என்று சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. 1578-லேயே கொல்லத்தில் கத்தோலிக்கத் துறவி என்றீக் என்றீக்கஸின் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது.

முடிவு எப்படி?

1714-ல் ஐரோப்பா போய், திருமணம் முடித்து, 1716-ல் திரும்பினார். அதே ஆண்டு அவரது தமிழ் இலக்கணம் லத்தீனில் ஹாலேயில் வெளியானது. 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. ஆனால், கோப்பன்ஹேகனில் இருந்த மிஷன் செயலாளர் கட்டடம், பள்ளி எல்லாம் எதற்கு என்று கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஏற்கெனவே உடல் நலிந்திருந்தவரை அது மேலும் ஒடித்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார்.

12 வருஷத்துக்கும் மேலான உழைப்பில் அவரது சபையில் சேர்ந்தவர்கள் சில நூறு பேர்தான்.

இன்று ஏன் பேச வேண்டும்?

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தருகிறது, பொது ஒழுங்கு போன்ற வரம்புகளோடு. தன் மதக் கருத்தை எடுத்துச் சொல்லலாம், ஆனால் அடுத்தவரை மாற்றுவது ஒரு உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்வதற்கும் மாற்றுவதற்கும் நடுவே கோடு எங்கே என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சீகன்பால்கின் பேச்சுக் குறிப்புகளில் எதிரே இருந்தவர் மறுக்கிறார், வாதாடுகிறார், சில நேரம் சிரித்துவிட்டுத் தன் வழியில் போகிறார். இவரும் மறுநாள் வேறொரு திண்ணைக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறார்.

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அதே ஊரில் அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவரது கல்லறையும் இருக்கிறது.