எண்களைக் காத்த ஜான் போஸ்டல்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

இணையப் பக்கம் ஒன்றைக் காண வேண்டுமானால் நாமெல்லாம் விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறோம், பக்கம் வந்துவிடுகிறது. இவ்வாண்டு ஒருநாள் எங்கள் கணிப்பொறி ஆசிரியை அந்த வசதியை எங்களிடமிருந்து பறித்துவிட்டார். பைத்தான் மொழியில் ஒரு சாக்கெட்டைத் திறந்து, ஆய்வுக்கூடத்தின் மூலையிலுள்ள இயந்திரத்திடம் நீங்களே பேசிப் பக்கத்தை வாங்கி வாருங்கள் என்று கட்டளையிட்டார்.

சாக்கெட் என்றதும் சுவரில் பிளக்கு மாட்டும் இடம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. இரு கணிப்பொறிகளுக்கு இடையே செய்தி போய்வரும் முனை இது. அதற்கு இரண்டு விவரங்கள் தேவை. ஒன்று இயந்திரத்தின் முகவரி. மற்றொன்று போர்ட் எனப்படும் வாசல் எண். நமது விடுதியை எடுத்துக்கொண்டால் கட்டடத்தின் முகவரி ஒன்றுதான், ஆனால் சமையலறைக்கு ஒரு வாசல், அலுவலகத்துக்கு ஒரு வாசல் இருக்கின்றன அல்லவா? அதுபோல மின்னஞ்சலை ஏற்கும் வாசல் 25, கோப்புகள் கேட்கும் வாசல் 21, இணையப் பக்கம் கேட்கும் வாசல் 80.

நானும் 80ஐத் திறந்தேன். முதல் வரியில் 'கெட்' என்ற சொல், வேண்டிய பக்கத்தின் பாதை, எச்.டி.டி.பி.யின் பதிப்பு எண். அடுத்த வரியில் 'ஹோஸ்ட்' என்று தொடங்கி இயந்திரத்தின் பெயர். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒன்றுமே வரவில்லை. என் தோழிக்கோ பக்கம் வந்துவிட்டது! கடைசியில் ஒரு வெற்று வரியை அனுப்பினால்தான் நாம் பேசி முடித்துவிட்டோம் என்று மறுமுனைக்குத் தெரியுமாம். நான் முடிக்காததால் அந்த இயந்திரம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. வெற்று வரியைச் சேர்த்தேன். எல்லாம் நலம் என்பதைக் குறிக்கும் 200 என்ற எண்ணும், பின்னே பக்கமும் வந்து விழுந்தன.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. 80 என்றால் இணையப் பக்கம் என்பதை உலகத்து இயந்திரங்கள் எல்லாம் எப்படி ஒப்புக்கொண்டன? அதை யார் எழுதி வைத்தார்? ஆசிரியை சொன்ன பெயர் ஜான் போஸ்டல்.

இவர் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணையத்தின் தந்தையரில் ஒருவராகப் புகழ்பெற்ற விண்டன் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் ஆகிய இருவரும் அதே பள்ளியின் மாணவர்களே! ஒரு பள்ளியிலிருந்து மூவர் என்றால் அப்பள்ளியின் ஆண்டு மலருக்கு எவ்வளவு பெருமை! லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் பொறியியல் பட்டமும் 1974இல் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அங்கே மாணவராக இருந்தபோதுதான், 1969இல், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் கணு அப்பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. கணிப்பொறிகள் எவ்வாறு பேசிக்கொள்ள வேண்டும் என்பதை எழுதிவைக்க அவ்வாண்டே ஆர்.எஃப்.சி. என்னும் ஆவண வரிசையைக் கிராக்கர் தொடங்கினார். கருத்துரை வேண்டுகிறோம் என்பது அப்பெயரின் பொருள். இவ்வரிசையின் ஆசிரியர் பொறுப்பு போஸ்டலிடம் வந்து சேர்ந்தது. தம் இறுதிநாள் வரை அதை அவர் விடவில்லை.

1972ஆம் ஆண்டு மே மாதம் 349ஆம் ஆவணத்தை அவர் எழுதினார். சாக்கெட் எண்களை ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டால் குழப்பம் வரும், ஆகவே அவற்றை வழங்க ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று கூறி, அது நானாக இருக்கலாமோ என்பதைக் கேள்விக்குறியோடு சேர்த்திருந்தார். அந்தக் கேள்விக்குறி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர் வயது அப்போது 28தான். எதிரொலிக்கு 7 என்றும், வந்ததைத் தூக்கி எறிந்துவிடுவதற்கு 9 என்றும் அன்று அவர் முன்மொழிந்த எண்கள் இன்றும் பட்டியலில் அப்படியே இருக்கின்றன.

1977 முதல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். நீண்ட தாடியும் காலில் செருப்புமாகக் காணப்படுவார். மலைகளில் நடப்பதில் விருப்பம் உண்டு. எண்கள் பட்டியலிலும் ஆவணங்களைத் திருத்துவதிலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் அவருக்குத் துணையாக உழைத்தார். புதிய எண் வேண்டுவோர் இவர்களைத்தான் கேட்க வேண்டும். 1992இல் வெளியான பட்டியலில் இணையப் பக்கங்களுக்கான 80ஆம் எண் இடம்பெற்றது.

எண் கொடுத்தது மட்டுமே அவர் பணி என்று எண்ணிவிடக் கூடாது. செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த டி.சி.பி. என்னும் விதிமுறையை இரண்டு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும் என்று 1977இல் வற்புறுத்தியவர் அவர். 1981 செப்டம்பரில் வெளிவந்த 791, 793ஆம் ஆவணங்கள் அவர் கையால் உருப்பெற்றவை. சாக்கெட்டைத் திறந்தவுடன் இரு இயந்திரங்களும் மூன்று முறை செய்தி பரிமாறி, கேட்கிறதா, கேட்கிறது, சரி என்று உறுதி செய்துகொள்ளும் முறை 793இல் விளக்கப்பட்டுள்ளது. 1983 ஜனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் இப்புதிய விதிமுறைக்கு மாறியது. மாற்றத்துக்கான திட்டத்தை எழுதியவரும் அவரே.

நாம் அனுப்புவதை விதி பிசகாமல் அனுப்ப வேண்டும், பிறர் அனுப்புவதில் சிறு பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் 1980இல் எழுதிவைத்த நெறி. அன்று என் தோழி ஒவ்வொரு வரியின் முடிவிலும் இட வேண்டிய இரண்டு குறிகளில் ஒன்றை விட்டுவிட்டாள். ஆயினும் அந்த இயந்திரம் கோபித்துக்கொள்ளவில்லை! எனினும் இந்நெறியை எல்லோரும் ஏற்பதில்லை. பிழையைப் பொறுக்கப் பொறுக்க அதுவே வழக்கமாகி நிலைத்துவிடுகிறது, வஞ்சகர் நுழையவும் வழியாகிறது என்கிறார்கள். 2023இல் அதே ஆவண வரிசையிலேயே இதைப் பற்றிய எச்சரிக்கை வெளிவந்தது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் எங்கள் தமிழாசிரியை இந்தக் கட்சியில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் வாழ்வின் கடைசி ஆண்டு அமைதியாக இருக்கவில்லை. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைக் கண்டுபிடிக்க உதவும் தலைமை இயந்திரங்கள் 13 இருந்தன. முகவரி தெரியாமல் சாக்கெட்டைத் திறக்க முடியாது. ஆகவே இவை இல்லாமல் இணையம் நடக்காது. இணையம் வணிகமாக வளர்ந்துவிட்ட அக்காலத்தில், இவற்றின் அதிகாரம் யாருக்கு என்ற வாதம் அமெரிக்க அரசுவரை சென்றிருந்தது. 1998 ஜனவரி 28ஆம் நாள், அவற்றில் 8 இயந்திரங்களை நடத்துவோருக்குப் போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். முதன்மைப் பட்டியலை இனித் தம் நிறுவனத்து இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு கேட்டார். அவர்கள் மறுபேச்சின்றி மாறினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டவர் போஸ்டல் என்பதே போதுமாயிருந்தது. வெள்ளை மாளிகையின் ஆலோசகர் கண்டித்தவுடன் சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. இது ஒரு சோதனை என்று அவர் கூறினார்.

அவர் செய்தது சரியா என்று எங்கள் வகுப்பில் ஒருமணி நேரம் வாதிட்டோம். ஒருவரும் ஒப்படைக்காத அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்றாள் ஒருத்தி. 26 ஆண்டுகள் பட்டியலைப் பழுதின்றிக் காத்தவருக்கு வேறு யார் ஒப்படைக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. சொல்லாமல் செய்தது தவறு என்பது என் கருத்து. ஆனாலும் அந்த 8 பேர் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அவ்வாண்டு செப்டம்பரில், எண்களையும் பெயர்களையும் மேற்பார்வையிட ஐகான் என்ற அமைப்பு உருவாயிற்று. அதை உருவாக்க ஓயாது உழைத்தவர் போஸ்டல். ஆனால் அது வேரூன்றியதை அவர் காணவில்லை. இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1998 அக்டோபர் 16ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 55.

அவர் பள்ளியில் பயின்ற செர்ஃப், நண்பரின் நினைவாக ஓர் இரங்கலுரை எழுதினார். தொழில்நுட்ப ஆவணங்களுக்கே உரிய ஆர்.எஃப்.சி. வரிசையில் அது அம்மாதமே வெளியாயிற்று. அதன் எண் 2468.