பத்து வெள்ளியில் பிறந்த முதலாளிகள்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை மிதிக்காத இளைஞர் நம் பேரவையில் இருக்க முடியாது. ஆனா அந்தப் பேருக்குரியவர் யாருன்னு கேட்டா, பழைய அமைச்சர்னு சொல்லி முடிச்சிடுறாங்க. அதனால்தான் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை ரப்பர்த் தோட்ட உரிமையாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய மகன், வசதியாக வீட்டோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1955இல் ம.இ.கா. தலைவரானார், அதே ஆண்டில் தொழிலாளர் அமைச்சரும் ஆனார். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தேசிய ஒற்றுமை எனப் பல பொறுப்புகள். 1973 வரை கட்சியை வழிநடத்தினார். பொதுவாழ்வில் குடும்பச் சொத்து கரைந்ததே தவிர வளரவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பால் மரம் வெட்டியவருக்கு வேலை போச்சு, வேலையோடு லயத்து வீடும் போச்சு. அடுத்த வேளைக்கே வழியில்லாதவர் தோட்டம் வாங்குவாரா? தனியாளாக முடியாது, சேர்ந்தால் முடியும் என்றார் சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டச் சொன்னார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. 1979 மே 18இல் அவர் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது.

என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. தோட்டம் வாங்கிய அன்றே அந்தச் சங்கம் முதலாளியாகிவிட்டது. நல்ல நோக்கத்தில் பிறந்த அமைப்பு என்பதால் சம்பளப் பட்டுவாடா நின்றுவிடுமா? வீடு, மருந்து, கணக்கு எல்லாம் அதன் தலையில்தான். சேவையும் முதலாளிப் பொறுப்பும் ஒரே கையில் வந்தன.

நம் நிலையும் அதுதானே! கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம்மவர்கள் பாலர் பள்ளி, பிள்ளைகள் இல்லம், முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். அங்கே சமைக்கும் அக்காவும் இரவில் விழித்திருக்கும் காப்பாளரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். ஊழியர் சேம நிதி 1951 முதல் உண்டு. சொக்சோ சட்டம் 1969இல் வந்தது. இருந்தும் சேவைதானேன்னு சொல்லி அதை ஒத்திப்போடும் செயலவைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அக்கா கால் தவறி விழுந்தால் யார் பதில் சொல்வது?

ஆகவே இப்படிப்பட்ட இல்லங்கள் ஒரு முதலாளிமார் சங்கத்தில் சேர வேண்டும் என்கிறேன். நாங்க என்ன முதலாளியான்னு சிலர் கூச்சப்படுகிறார்கள். சம்பளம் கொடுத்தால் முதலாளிதான். சந்தா கட்ட காசில்லை என்பவர்கள் பத்து வெள்ளியை நினைக்கட்டும். நியமனக் கடிதம், விடுப்பு, தகராறு என்று வரும்போது கேட்க ஓர் இடம் இருக்கும். சிறிய இல்லங்களின் குறையும் மேலிடத்துக்கு ஒரே குரலாகப் போகும்.

கிளைத் தலைவர்களே, வரும் ஆண்டுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். முதலில் உங்கள் இல்லத்துச் சம்பளப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.