மாருதி 800-க்குப் பின்னால் ஒரு தறிக்காரர்: யார் இந்த மிச்சியோ சுஸுகி?

பௌர்ணமி அன்னைக்கு திருவண்ணாமலை ஊருக்குள் கார் போவது கஷ்டம். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே தற்காலிக பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்தோ ஆட்டோ பிடித்தோதான் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு வரணும். அந்த மைதானங்களில் சும்மா ஒரு நடை நடந்தால் ஸ்விஃப்ட், வேகன் ஆர், எர்டிகா, ஆல்ட்டோ என்று வரிசையாக நிற்கும். இடையில் எப்படியும் ஒரு பழைய ஆம்னி வேன், பெயின்ட் வெளுத்துப்போன ஒரு மாருதி 800.

இத்தனை வண்டிக்கும் பின்னால் இருப்பது ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மிச்சியோ சுஸுகி. கார் கம்பெனியைத் தொடங்கியவர் என்றால் மெக்கானிக்காகவோ ரேஸ் பைத்தியமாகவோ இருந்திருப்பார் என்று நினைப்போம். இவர் ஒரு தச்சர். வாழ்க்கையின் பெரும்பகுதியில் அவர் செய்த தொழில், துணி நெய்யும் தறி செய்வது. அவருடைய கம்பெனியின் முதல் கார் விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 68.

பருத்திக்காட்டுப் பையன்

1887 பிப்ரவரி 10-ம் தேதி, ஜப்பானின் ஹமமட்சு நகரத்தை ஒட்டிய ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார் மிச்சியோ. பருத்தி விவசாயக் குடும்பம். சின்ன வயசில் காட்டு வேலையும் பார்த்திருக்கிறார். 1901-ல், 14 வயதில், ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஒப்பந்தம் ஏழு வருஷம். ஆறு மாசத்தில் சர்டிஃபிகேட் கையில் கிடைக்கும் இன்டர்ன்ஷிப் கதை இல்லை இது.

நடுவில், 1904-ல், ரஷ்யா - ஜப்பான் போர் வந்தது. போர்க்காலத்தில் யார் வீடு கட்டுவார்கள்? தச்சருக்கு வேலை குறைந்தது. அவர் வீட்டு வேலையை விட்டுவிட்டு, காலால் மிதித்து ஓட்டும் மரத்தறி செய்ய ஆரம்பித்தார். கூட இருந்த பையனும் அதைக் கற்றுக்கொண்டான். அந்தப் போர் வராமல் இருந்திருந்தால் மிச்சியோ நல்ல கொத்தனார்களோடு சேர்ந்து வீடு கட்டும் நல்ல தச்சராக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து 1909-ல் சொந்தப் பட்டறை போட்டார். வயது 22. குடும்பத்துக்குச் சொந்தமான, பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்த ஒரு கொட்டகைதான் இடம். முதல் தறியை அம்மாவுக்குச் செய்து கொடுத்தார் என்று கம்பெனியின் வரலாறு சொல்கிறது. அம்மா பழைய தறியில் நெய்ததைவிடப் பல மடங்கு வேகமாக நெய்ய, அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் ஒண்ணு வேணும் என்று வந்து நின்றார்கள்.

ஹமமட்சு வட்டாரமே அப்படிப்பட்டதுதான். டொயோட்டா குழுமத்தின் மூலவர் சாகிச்சி டொயோடாவும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர், தச்சர் மகன், தறி செய்தவர். ஹோண்டாவைத் தொடங்கிய சொய்ச்சிரோ ஹோண்டா பிறந்ததும் அங்கேதான். துணியில் ஆரம்பித்து மெஷினுக்கு வந்த ஊர் என்ற கணக்கில், ஹமமட்சுவை ஜப்பானின் கோயம்புத்தூர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆரணிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்

மிச்சியோ அப்படி என்ன புதுசாகச் செய்தார்? இதைத் தெரிந்துகொள்ள ஜப்பான் போக வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கும் ஆரணியில், பட்டு நெய்கிற எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் புரியும்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோவது நாடா. குறுக்கே ஒரு நிறக் கோடு வேண்டும் என்றால், அந்த நிற நூல் இருக்கும் நாடாவை எடுத்துப் போடணும். மறுபடி பழைய நிறம் என்றால் மறுபடி மாற்றணும். ஒவ்வொரு தடவையும் கை நிற்கும், வேகம் போகும். மிச்சியோ, நாடா உட்காரும் பெட்டியையே மேலும் கீழும் நகரும்படி செய்தார். இரண்டு நாடா, இரண்டு நிறம், தேவைப்படும்போது தேவையானது வரும். கோடு போட்ட துணி மடமடவென்று விழ ஆரம்பித்தது.

இது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனா நெய்கிறவர் எங்கே நிற்கிறார், எங்கே அலுத்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இது தோன்றும். இந்த மாதிரி சின்னச் சின்ன திருத்தங்களாகவே அவர் பெயரில் சுமார் 120 காப்புரிமைகளும் வடிவ உரிமைகளும் சேர்ந்தன. 1920-ல் பட்டறை கம்பெனியாக மாறியது. அடுத்த ஆண்டுகளில், நம்ம லுங்கி மாதிரி கட்டிக்கொள்ளும் சாரோங் துணிக்கென்றே தறி செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி பண்ணினார்கள்.

நல்ல தறி கெட்டுப்போகாது, அதான் சிக்கல்

தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதே மிச்சியோவுக்கு ஒரு கவலை வந்தது. ஒழுங்காகச் செய்த தறி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒரு தடவை வாங்கியவர் திரும்ப வர மாட்டார். எல்லா நெசவாளரிடமும் ஒரு நல்ல தறி இருந்துவிட்டால் பட்டறைக்கு என்ன வேலை? பொருள் தரமாக இருப்பதே தன் தொழிலை முடித்துவிடும் என்பது விசித்திரமான கவலைதான். ஆனா சரியான கவலை.

பதில் தேடி அவர் போன இடம் கார். 1937-ல், 50 வயதில், ஆஸ்டின் 7 என்ற பிரிட்டிஷ் குட்டிக் காரை வாங்கி, பட்டறையில் நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் சொந்தமாகச் சில மாதிரி கார்கள் ரெடி. நாலு சிலிண்டர், 800 சிசிக்கும் குறைவான இன்ஜின், 13 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு 150 சிசி பைக்கே ஏறக்குறைய இவ்வளவு பவர் கொடுக்கும், ஆனா அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

கார் ரோட்டுக்கு வரவில்லை. போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஜப்பான் அரசு, பொதுமக்களுக்கான கார் அத்தியாவசியப் பொருள் இல்லை என்று சொல்லிவிட்டது. தொழிற்சாலை ராணுவத்துக்கான பொருள்களைச் செய்யப் போனது. கம்பெனி வரலாறுகள் இந்த இடத்தை மட்டும் எப்பவும் ஒரே பத்தியில் தாண்டிவிடும். 1944 டிசம்பரில் வந்த பெரிய பூகம்பமும், அதன் பிறகு அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளும் மிச்சமிருந்ததைச் சிதைத்தன.

போர் முடிந்ததும் மிச்சியோ திரும்பப் போனது தறிக்குத்தான். அமெரிக்காவிலிருந்து பருத்தி வந்து இறங்க, நெசவு ஆலைகள் ஓட, ஆர்டர் வந்தது. ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1950-ல் தொழிலாளர் போராட்டம், கடன், கம்பெனி மூழ்கும் நிலைமை. டொயோட்டா குழுமத்தின் தறி நிறுவனம் கைகொடுத்துத்தான் தலை மேலே வந்தது. 1951-ல் பருத்திச் சந்தையே சரிந்தது. முன்பே பயந்த அதே விஷயம் வேறு வழியாக வந்து நின்றது. அப்போது அவருக்கு வயது 64. பெரும்பாலானவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படிக்கும் வயசு.

சைக்கிளில் ஒரு மோட்டார்

இங்கே ஒரு நியாயம் சொல்லணும். அடுத்த திருப்பத்துக்குக் காரணம் மிச்சியோ மட்டுமில்லை, அவர் மருமகன் ஷுன்சோவும்தான். மீன் பிடிக்கப் போய்விட்டு, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்பும்போது இதில் ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்று ஷுன்சோவுக்குத் தோன்றியதாகக் கதை. 1952-ல் 36 சிசி மோட்டார் பொருத்திய சைக்கிள் வந்தது, பெயர் பவர் ஃப்ரீ. மிதித்தும் ஓட்டலாம், மோட்டாரிலும் ஓட்டலாம், இரண்டையும் சேர்த்தும் ஓட்டலாம். டிவிஎஸ் 50-ஐ ஸ்டாண்ட் போட்டு பெடல் மிதித்து ஸ்டார்ட் பண்ணிய தலைமுறைக்கு இது சட்டென்று புரியும்.

இரண்டே வருஷத்தில் மாசம் 6,000 வண்டிகள். 1954-ல் கம்பெனியின் பெயரிலிருந்து தறி போய் மோட்டார் வந்தது. 1955 அக்டோபரில் கார்: சுஸுலைட். 360 சிசி, டூ ஸ்ட்ரோக், முன்சக்கரத்தில் இழுவிசை. ஜப்பானில் வரிச்சலுகையோடு ஊக்குவிக்கப்பட்ட கெய் என்ற குட்டிக் கார் வகையின் ஆரம்பகால வண்டிகளில் ஒன்று. விற்பனைக்கு முன்னால் மாதிரி வண்டிகளை ஹகோனே மலைப்பாதை வழியாக டோக்கியோவுக்கு ஓட்டிப்போய், அங்கே ஒரு பெரிய கார் வியாபாரியிடம் காட்டினார்கள். மோசமான ரோட்டில் தட்டுத்தடுமாறிப் போய்ச்சேர ராத்திரியாகிவிட்டது. அவர் காத்திருந்து ஓட்டிப்பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இவர்களுக்கு மூச்சு வந்தது.

50 வயதில் தொடங்கி, பிறகு கைவிட வேண்டிவந்த கார் முயற்சியை 68-ல் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டு, 70 வயதில், 1957-ல், மிச்சியோ தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தவர் ஷுன்சோ. அவர் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்ட மருமகன், நம்ம ஊர்க் கணக்கில் வீட்டோட மாப்பிள்ளை. பிறகு 1978-ல் தலைவரான ஒஸாமு சுஸுகியும் அப்படியே, மிச்சியோவின் பேத்தியைக் கட்டி சுஸுகி ஆனவர். இந்தியாவுக்கு சுஸுகியைக் கொண்டுவந்தது இந்த ஒஸாமுதான். 2024 டிசம்பரில் அவர் இறந்த பிறகு இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

25 நாள் இடைவெளி

1982 அக்டோபர் 2-ம் தேதி மாருதி - சுஸுகி கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுஸுகியின் பங்கு 26 சதவீதம். அதே மாதம் 27-ம் தேதி மிச்சியோ இறந்தார். வயது 95.

அடுத்த வருஷம் டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை 50 ஆயிரம் ரூபாய் வாக்கில். முன்பதிவு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்ஜின் 796 சிசி. 1939-ல் மிச்சியோவின் பட்டறையில் நின்ற அந்த மாதிரி காரும் 800-க்குள்தான் என்பது தற்செயல், ஆனாலும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பெயர் இன்னொரு வழியாகவும் வந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி 100 சிசி பைக் வெளிவந்தது, டிவிஎஸ்ஸோடு கூட்டு. பிறகு சாமுராய், ஷோகன். 2001-ல் இரண்டு கம்பெனியும் பிரிந்தன. அந்த டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு.

திருவண்ணாமலையில் ஒரு 800

ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்ட அம்பாசடரை ஓட்டிப் பழகியவருக்கு, 650 கிலோ வாக்கில் இருந்த 800 விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரிந்தது. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம். 12 அங்குல வீல். காலையில் சோக் இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், மூணு சிலிண்டர் இன்ஜின் ஒரு நிமிஷம் நடுங்கிவிட்டு நிதானமாகும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது நாலு பேர் இருந்தால் ஏசியை ஆஃப் பண்ணிவிட்டு இரண்டாவது கியர். இதெல்லாம் 800 வைத்திருந்த எந்த வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லப்படும் கதைகள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும், பில் பயமுறுத்தாது.

ஊரில் கார் ஓட்டக் கற்ற பலருக்கும் எல் போர்டு மாட்டிய முதல் ஸ்டியரிங் 800-தான். ஆம்னி வேன் கதை வேறு. ஸ்கூல் பிள்ளைகளையும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும், முகூர்த்த நாளில் மொத்தக் குடும்பத்தையும் சுமந்த வண்டி, சினிமாவில் மட்டும் ஆள் கடத்திக்கொண்டே இருந்தது.

குறையையும் சொல்லணும். பழைய 800-ல் ஏர்பேக் என்ற பேச்சே இல்லை. 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அடுத்த தலைமுறையான ஆல்ட்டோ 800-க்கே பூஜ்ஜிய ஸ்டார்தான் கிடைத்தது. எடை குறைவு, விலை குறைவு, மைலேஜ் அதிகம் என்ற கணக்கில் எதை விட்டுக்கொடுத்தோம் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

2010-ல் புகைக் கட்டுப்பாடு விதி மாறியபோது சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது. திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் அதற்குப் பிறகும் வாங்க முடிந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தியே முடிந்தது. 25 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருந்தார்கள்.

நல்ல தறி மாதிரியே இதுவும் சீக்கிரம் போய்ச்சேரவில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் வரும்போது வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். மகன் எடைக்குப் போடச் சொல்வார். அப்பா மெக்கானிக்குக்கு போன் போட்டு, டிங்கரிங்குக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.