மலையை மடித்தது எது? – ஆல்ஃபிரட் வெகனர்

நம்ம கல்வராயன் மலை மடிப்பு மலையா? இல்லை! அது சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவானது. மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைஞ்சு போக, மிச்சம் நிக்கிற மலை. அதில் பெய்கிற மழைதான் கோமுகி ஆறாக வந்து நம்ம வயலுக்குப் பாயுது. இமயமலையோ மடிப்பு மலை. வயது 5 கோடி ஆண்டுதான், நம்ம மலைக்குக் கொள்ளுப்பேரன் மாதிரி. அந்த மடிப்பு எப்படி விழுந்ததுன்னு வழிகாட்டியவர் ஆல்ஃபிரட் வெகனர்.

1880 நவம்பர் 1-ல் பெர்லினில் பிறந்தார். படித்தது வானியல், வேலை பார்த்தது வானிலை ஆராய்ச்சி. 1906-ல் அண்ணன் குர்ட்டோடு பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருந்தார். அப்போது அது உலக சாதனை.

அட்லஸை எடுத்துப் பாருங்க. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழிச்ச காகிதம் மாதிரி பொருந்தும். அதோடு, குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலச் செடியின் புதைபடிவம் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லா இடத்திலும் கிடைக்குது. செடி கடலை நீந்தியா போகும்? எல்லாம் ஒரே நிலமாக இருந்து பிரிந்தவை என்று வெகனர் 1912-ல் அறிவித்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர், 1915-ல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

அதுவரை, பூமி ஆறிச் சுருங்கியதால் வாடிய பழத்தின் தோல் மாதிரி மலைகள் வந்தன என்று நம்பினார்கள். வெகனர் சொன்னது வேறு. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியது. நடுவில் கடலடியில் படிந்திருந்த அடுக்குகள், பாயை ஓரத்தில் தள்ளினால் மடிகிற மாதிரி மடிந்து உயர்ந்தன. பூஜையில் வைக்கிற சாளக்கிராமம் தெரியும்தானே? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல், அம்மோனைட் என்ற கடல் பிராணியின் புதைபடிவம்.

பெரிய பெரிய நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. கண்டத்தைத் தள்ளும் சக்தி எதுன்னு கேட்டதற்கு வெகனர் சொன்ன பதிலும் தப்பாத்தான் இருந்தது.

1930-ல் கிரீன்லாந்துக்குப் போனார். கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, பனிப்பாளத்தின் நடுவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் குளிர்காலச் சாமான் போதவில்லை. நாய்கள் இழுக்கும் 15 வண்டிகளோடு வெகனர் கிளம்பினார். கூட வந்த 13 கிரீன்லாந்துக்காரர்களில் 12 பேர் குளிர் தாங்காமல் வழியில் திரும்பிவிட்டார்கள். 40 நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது மூன்றே பேர். சாமான் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிட்டது. கூட வந்த லோவேயின் கால்விரல்கள் உறைந்து, அங்கேயே வெட்ட வேண்டியதாயிற்று. ஐந்து பேர் தங்கினால் சாப்பாடு பத்தாது. அதனால் லோவேயை விட்டுவிட்டு, தன் 50-வது பிறந்தநாளன்றே வெகனர் ராஸ்முஸ் வில்லும்சென் என்ற இளைஞரோடு திரும்பக் கிளம்பினார்.

இருவரும் வந்து சேரவில்லை. 1931 மே மாதம் வெகனரின் உடல், ஒழுங்காகச் சுற்றிப் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. புதைத்தது வில்லும்சென்தான். அவர் என்ன ஆனார்னு இன்றுவரை தெரியாது. எனக்கு அவரை நினைச்சாத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு.

1960-களில் கடலடியை ஆராய்ந்தபோதுதான் நிலம் நகர்வது உறுதியானது. இந்தியா இன்னும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகுது, கிட்டத்தட்ட நகம் வளர்ற வேகம். கங்கைக்குத் தண்ணீர் தருவதும், வடக்கின் கடுங்குளிர்க் காற்றைத் தடுப்பதும் அந்த மோதலில் எழுந்த மலைதான். 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் சுமார் 9,000 பேரைப் பலிகொண்ட பூகம்பத்துக்கும் காரணம் அதே மோதல்தான்.