ஹில்டே மாங்கோல்ட்: 25 வயதில் அணைந்த விளக்கு

ஆண்டு மலர் என்றாலே ராமானுஜம், சர் சி.வி.ராமன், அப்துல் கலாம் என்றுதான் எழுதுகிறோம். பெண்களுக்கென்றே 1984இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற அட்டுவம்பட்டியில் இருந்துகொண்டு, நான் ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி?

ஹில்டே 1898 அக்டோபர் 20 அன்று ஜெர்மனியின் கோத்தா நகரில் பிறந்தார். 1920இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனிடம் ஆராய்ச்சி மாணவியானார். மறு ஆண்டே சக விஞ்ஞானி ஓட்டோ மாங்கோல்டைக் கைப்பிடித்தார்.

அவர் வேலையை நம்ம ஒர்க்‌ஷாப் கண்ணோடு பாருங்க. ஜாப், நியூட் என்கிற வாலுள்ள நீர்ப்பிராணியின் கரு, கடுகு சைஸ்தான். டூல்ஸ், தீயில் காட்டி இழுத்த கண்ணாடி ஊசியும், குழந்தைத் தலைமுடியில் செய்த வளையமும். வெளிர் நிறக் கருவின் முதுகுப்புறம் உருவாகும் இடத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கறுத்த நிறக் கருவின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டினார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். பெரும்பாலான கருக்கள் செத்துப்போயின. பிழைத்த சிலவற்றில் அதிசயம்! வயிற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பிறந்த இரட்டைபோல இரண்டாவது உடல். அதன் நரம்புக் குழாயில் பெரும்பகுதி கறுத்த செல்கள். அதாவது, ஒட்டிய துணுக்கு தானே நரம்பாகவில்லை. அக்கம்பக்கத்துச் செல்களை நரம்பாக மாற்றியிருக்கிறது!

ராத்திரி பகலாக ஊசி பிடித்தவர் ஹில்டே. ஆனால் 1924இல் கட்டுரை வந்தபோது முதல் பெயர் ஸ்பீமன். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லின் வீட்டுச் சமையலறைத் தீ விபத்தில் ஹில்டே இறந்தார். கைக்குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. 1935 நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும்.

அந்தத் துணுக்கு சுரந்தது என்ன? 1992இல் நாகின், 1994இல் கார்டின் என்ற புரதங்கள் அகப்பட்டன. பி.எம்.பி. என்ற இன்னொரு புரதம் செல்லைத் தோலாகச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கும். இவை அதைப் பிடித்து அடக்கினால் செல் நரம்பாகிவிடும்.

கரு வளர்ந்ததும் இவை ரிட்டையர்டு என்று நினைத்தால் தப்பு. வளர்ந்த சுண்டெலியின் மூளையில், திரவ அறைகளின் சுவரிலும் நாகின் சுரப்பது 2000இல் தெரிந்தது. அங்கேயும் அதே பி.எம்.பி.யைத் தடுத்து, ஸ்டெம் செல்கள் புது நரம்புச் செல்களாக வழிவிடுகிறது. அவை மெல்ல நகர்ந்து மோப்பம் அறியும் பகுதிக்குப் போய்ச் சேருகின்றன.